சூடானால் சாகும் வண்டி

அத்தியாயம் ஏழு

வண்டி சாகவே மாட்டேன் என்றது.

இன்ஜின் கன்ட்ரோல் பெட்டியின் மேல் ஹேர் டிரையரைப் பிடித்துப் பிடித்து இத்தோவுக்குக் கை மரத்துப்போயிருந்தது. டிரையர் காவல்காரர் ஜிலாலியின் மனைவியுடையது. அந்தம்மா அதைக் கொடுக்கும்போதே "என்னத்துக்கு?" என்று கேட்டிருந்தாள். "ஆம்புலன்ஸ் தலைக்குக் குளிச்சிருக்கு, காய வைக்கணும்" என்று இத்தோ சொன்ன பதிலை அவள் ரசிக்கவில்லை.

அட்லஸ் மலைக்காற்று, வண்டியைப் பூட்டி வைத்திருந்த முற்றத்தில் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. இருபது வயதான அந்த டீசல் ஆம்புலன்ஸ் மட்டும் குத்துக்கல் மாதிரி நின்று டகடகவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

"செத்துத் தொலையேன்டா" என்றாள் இத்தோ.

"ஆம்புலன்ஸைப் பாத்து இப்படி வேண்டிக்கிற முதல் ஆள் நீதான்" என்றார் பஸ்ஸூ.

"அது செத்தாத்தான் ஹாஜி, ஒரு மனுஷன் பொழைப்பான். நான் என்ன பண்ணட்டும்?"

அவள் சொன்னது நிஜம். நாளைக் காலை கீழே நகரத்துக் கோர்ட்டில் தீர்ப்பு. இந்த ஆம்புலன்ஸை ஓட்டிய அல்லால் ஜெயிலில் இருந்தான். இதே அய்த் புஸ்லாம் ஊர்க்காரி யம்னாவைப் பிரசவ வலியோடு ஏற்றிக்கொண்டு கணவாய் ஏறியிருக்கிறான். உச்சி வளைவுக்குக் கொஞ்சம் கீழே இன்ஜின் நின்றுவிட்டது. ஆறவிட்டு மறுபடி கிளப்புவதற்குள் ரத்தம் போய் யம்னா இறந்துவிட்டாள். வயிற்றில் இருந்ததும் போய்விட்டது.

"சூடானா சாகுது, ஆறினா எழுந்துக்குது" என்று அல்லால் தலைதலையாய் அடித்துக்கொண்டான். யார் கேட்டார்கள்? கோர்ட் அனுப்பிய நிபுணர் வந்து சாவியைத் திருப்பினார், வண்டி கிளம்பியது. மலைமேலும் ஏற்றிப் பார்த்தார், ஏறியது. 'பழுது இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அப்புறம் என்ன, வழியில் சந்தைக்காரன் எவனையோ ஏற்றிக்கொள்ளத்தான் நிறுத்தினான் என்று ஊர் தானாகவே முடிவுகட்டிவிட்டது. மலை ஆம்புலன்ஸ்களில் அது நடக்காத விஷயமும் இல்லை என்பதால் நம்புவதற்கு யாருக்கும் கஷ்டமாக இல்லை.

பஸ்ஸூ போலீஸில் இருந்து ஓய்வுபெற்று இப்போது வக்கீல்களுக்காகத் துப்புத் துலக்குகிறவர். மக்கா பக்கம் தலைவைத்துப் படுத்தது கிடையாது. ஆனாலும் நரைத்த தாடிக்கு மரியாதையாக எல்லோரும் ஹாஜி என்றே கூப்பிட்டார்கள். இத்தோ வண்டி மின்சார வேலை படித்தவள். பொம்பளைக்கு எந்த கராஜும் வேலை கொடுக்காததால் அவரிடம் வந்து ஒட்டிக்கொண்டவள். சம்பளத்தைவிட வாய் அதிகம் என்று அவரும், வாய்க்கே சம்பளம் போதவில்லை என்று அவளும் சொல்லிக்கொள்வார்கள்.

அல்லாலின் வக்கீல் எப்படியோ கெஞ்சி, வண்டியை ஒரே ஒரு நாள் பார்த்துக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தார். அந்த நாளும் பாதிக்கு மேல் போய்விட்டது.

"போதும், நிறுத்து" என்றார் பஸ்ஸூ.

அவள் டிரையரை அணைத்தாள். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் பெட்டியை நான்கு பக்கமும் தட்டிப் பார்த்தாள். உள்ளே எங்காவது விரிசல் இருந்தால் அந்தத் தட்டுக்கு இன்ஜின் ஒரு தடவையாவது இருமியிருக்க வேண்டும். இது இருமவும் இல்லை, தும்மவும் இல்லை.

"ஹாஜி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"அல்லால் பொய் சொல்லியிருந்தா?"

பஸ்ஸூ குனிந்து பெட்டியைத் தானும் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். நேற்று ஜெயிலில் கம்பிக்குப் பின்னால் இருந்த அல்லாலின் முகத்தை அவள் நம்பியிருந்தாள். முகத்தை நம்பி வேலை செய்யக்கூடாது என்று இவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

வாசல் கதவு படாரென்று திறந்தது. யம்னாவின் அண்ணன் மிமூன். சந்தை முனையில் கராஜ் வைத்திருக்கிறவன். கோர்ட்டில் அல்லாலைப் பார்த்துக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனவன். இன்னும் கட்டித்தான் இருந்தது.

"கொலைகாரனுக்குக் கொடை பிடிக்க வந்திருக்கீங்களா? ஹாஜின்னு வேற கூப்பிடறாங்க உங்கள! வெக்கமா இல்ல?"

"தம்பி, உன் வருத்தம் எனக்குப் புரியுது..."

"உங்களுக்கு என்னய்யா புரியும்? என் தங்கச்சிய ரெண்டு பேராப் பொதைச்சேன்யா நான்!"

ஜிலாலி ஓடிவந்து அவன் தோளை அணைத்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

திரும்பி வந்த ஜிலாலியிடம் பஸ்ஸூ கேட்டார்: "அந்தச் சாவுக்கப்புறம் இந்த வண்டிக்கிட்ட யார் யாரு வந்தாங்க?"

"யாரும் தொடல ஹாஜி. சத்தியமா."

"தொட்டாங்களான்னு கேக்கல. வந்தாங்களான்னு கேட்டேன்."

ஜிலாலி யோசித்தார். "பஞ்சாயத்துத் தலைவர் வந்தார். ரெண்டு ஆளுங்களோட. பானெட்டத் தொறந்து பாத்து ஏதோ குசுகுசுன்னு பேசிக்கிட்டாங்க. என்னைப் பாத்ததும் மூடிட்டாங்க. இமாம் வந்து ஓதிட்டுப் போனார். மிமூன் வந்தான், பாவம், தங்கச்சி செத்த எடத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்னான். அப்புறம் அந்த கோர்ட் நிபுணர்."

"தலைவர் பானெட்டத் தொறந்தாரா!" இத்தோ நிமிர்ந்தாள். "பேனாவையே தொறக்காத மனுஷன் ஆச்சே."

பஸ்ஸூவின் கண் சுருங்கியது. இருபது வருஷத்து ஓட்டை வண்டியை ஆம்புலன்ஸ் என்று ஓடவிட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் தலைவர்தான். டிரைவர் உள்ளே போனால் அவருக்கு நிம்மதி.

"அந்தப் பெட்டியக் கழட்டு" என்றார். "தொறந்து பாக்கலாம்."

இன்ஜினை நிறுத்தி, ஒயர்களைப் பிடுங்கி, பெட்டியை ஜிலாலியின் அறை மேஜைக்குக் கொண்டுபோனார்கள். உள்ளங்கை இரண்டையும் சேர்த்து விரித்த அளவு அலுமினியப் பெட்டி. இத்தோ விளிம்பைத் தடவினாள். தடவிய விரல் பாதியில் நின்றது.

"ஹாஜி, இது புதுப் பசை."

"பழைய வண்டியில புதுப் பசையா?"

"அடியில பழசும் இருக்கு. கறுப்பு ஒரு வரி, சாம்பல் ஒரு வரி. ரெண்டுமே கம்பெனி ஒட்டுனது இல்ல."

கத்தியை விட்டு மூடியை நெம்பினாள். உள்ளே பச்சை போர்டு. ஒயர் சொருகுகிற பிளாஸ்டிக் சாக்கெட்டின் ஓரம் நேராக இல்லாமல் லேசாக நெளிந்திருந்தது. அந்த நெளிவுக்குள் ஏதோ துணுக்குகள் புதைந்து இறுகியிருந்தன. இத்தோ ஊசியால் ஒன்றைக் கிண்டி எடுத்து வெள்ளைக் கைக்குட்டையில் போட்டாள்.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"தவிடு" என்றார் பஸ்ஸூ.

"இன்ஜின் பெட்டிக்குள்ள தவிடா? கோழி வளத்தாங்களா உள்ள?" என்று சொன்னவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ! ஹாஜி, இது அடுப்புக்குப் போயிருக்கு!"

"எந்த அடுப்புக்கு?"

"ரொட்டி அடுப்புக்கு! ஊர் அடுப்பு! உங்களுக்குத் தெரியாதா? போர்டுல சால்டர் ஈயம் விரிஞ்சா இங்க எல்லா மெக்கானிக்கும் பண்றதுதான். கழட்டி, மாவு ஒட்டாம தவிடு தூவுன ரொட்டிப் பலகையில வச்சு அடுப்புக்காரர்கிட்ட அனுப்புவாங்க. அந்தச் சூட்டுல சால்டர் எளகி விரிசல் சேந்துக்கும். நானே எங்க வீட்டு டி.வி. போர்ட அப்படி வேக வச்சிருக்கேன். ஆறு மாசம் படம் ஜோராத் தெரிஞ்சுது."

"ஆறு மாசத்துக்கு அப்புறம்?"

"அப்புறம் என்ன? மறுபடி விரியும். மொதல்ல சூட்டுல மட்டும் விடும்..." அவள் குரல் இறங்கியது. "ஆறினா சேந்துக்கும்."

சூடானால் சாகிறது, ஆறினால் எழுந்துகொள்கிறது. அல்லால் கரடியாய்க் கத்திய அதே வார்த்தை. இத்தோவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு நிமிஷமாவது அவனைச் சந்தேகப்பட்டோமே என்று இருந்தது.

பஸ்ஸூ ஊசியை வாங்கி அவரே இன்னும் சில துணுக்குகளைக் கிண்டினார். கைக்குட்டையில் தனித்தனியாகப் பிரித்து வைத்தார். சில பொன்னிறம். சில கரிக்கட்டை.

"ரொட்டியில ஒட்டுன தவிடு ஒரு தடவ வெந்தா என்ன நிறம்?"

"இதோ, இந்த நிறம்."

"அதே தவிட்ட இன்னொரு தடவ வேக வச்சா?"

இத்தோ கறுப்புத் துணுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு தடவ போயிருக்கு" என்றாள் மெதுவாக. "மொத தடவ ஒட்டுனது ரெண்டாவது தடவ கருகியிருக்கு. ரெண்டாவது தடவ ஒட்டுனது செவந்ததோட நிக்குது."

"பசையும் ரெண்டு வரி. மொத தடவ, வண்டிய எப்படியாவது ஓட வைக்கறதுக்காக. அது தப்பு, ஆனா புரியுது. ரெண்டாவது தடவ எப்போங்கறதுதான் கேள்வி. கணவாயில நின்ன வண்டி நிபுணர் வந்தப்போ நிக்கல. அப்போ நடுவுலதான் எவனோ குணப்படுத்தியிருக்கான்."

"தலைவர்!"

"அவரு சட்டையில சுருக்கம் விழறதுக்கே பயப்படுவார். வேலைய வேற ஒரு கை செஞ்சிருக்கு. வா, அடுப்புக்குப் போகலாம்."

ஊர் அடுப்பு பள்ளிவாசல் சந்தில் இருந்தது. அடுப்புக்கார ஹம்மூ குழிக்குள் நின்று நீளத் துடுப்பால் ரொட்டிகளைத் திருப்பிக்கொண்டிருந்தார். சுவரோரம் வீட்டு வீட்டுப் பலகைகள் துணி மூடி வரிசையாக இருந்தன. ஒன்றில் சிவப்புச் சாயம், ஒன்றில் மூலையில் வெட்டு, ஒன்றில் ஆணி. யார் பலகை எது என்று ஹம்மூவுக்குப் பார்க்காமலே தெரியும்.

"ஹம்மூ அண்ணே, இரும்பு ரொட்டி வேக எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள் இத்தோ.

துடுப்பு நின்றது. அது போதும் என்று பஸ்ஸூவுக்குத் தோன்றியது.

"எனக்கு வேலை இருக்கு" என்றார் ஹம்மூ.

"ஆம்புலன்ஸ் பெட்டி. யார் அனுப்பினது?"

"ஹாஜி, இந்த ஊர்ல யார் வீட்டு மாவு புளிச்சுது, யார் வீட்டுல ரெண்டு நாளா மாவே இல்ல, எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை வெளியில விட்டதில்ல. விட்டா நாளைக்கு எவனும் பலகை அனுப்ப மாட்டான்."

"அல்லால் வீட்டுப் பலகை எங்க?"

ஹம்மூ ஒரு ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

"எங்கன்னு கேக்கறேன்."

"நாலு நாளா வரல" என்றார் ஹம்மூ தரையைப் பார்த்தபடி.

"நாளைக்குத் தீர்ப்பாச்சுன்னா அப்புறம் வரவே வராது. அவனுக்கு மூணு புள்ளைங்க. தலைவருக்குப் பயப்படறியா?"

"தலைவரா?" ஹம்மூ நிமிர்ந்தார். முகத்தில் நிஜமான ஆச்சரியம். "தலைவருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

இத்தோவும் பஸ்ஸூவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஹம்மூ துடுப்பைச் சுவரில் சாத்திவிட்டு மாவுக் கையைத் துடைத்துக்கொண்டார். "மொத தடவ ஆலிவ் பறிக்கிற சமயம். அதுல ஒண்ணுமில்ல, டி.வி., ரேடியோன்னு எல்லாரும் அனுப்பறதுதான். ரெண்டாவது தடவைதான் எனக்கு மனசே கேக்கல. சாவு வீட்டுல மூணு நாள் அடுப்பு எரியாது, மாவு பிசைய மாட்டாங்க, அக்கம்பக்கம்தான் ரொட்டி கொடுக்கணும். உங்களுக்குத் தெரியாததா? ஆனா ரெண்டாம் நாள் அந்த வீட்டுப் பலகை வந்து நிக்குது. அடக் கடவுளே, யாருமே இவங்களுக்கு ரொட்டி கொடுக்கலியான்னு பதறிப்போய் துணியத் தூக்கினேன். உள்ள மாவு இல்ல."

"எந்தச் சாவு வீடு?" என்று கேட்கும்போதே இத்தோவுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"இந்த ஊர்ல அப்போ ஒரே சாவுதானேம்மா" என்றார் ஹம்மூ. "யம்னாவோட அம்மா தூதா வீட்டுப் பலகை. மிமூன்தான் கொண்டாந்தான். மூஞ்சியப் பாத்தேன், எதுவும் கேக்கல. வேக வச்சுக் கொடுத்துட்டேன்."

சந்தின் மூலை திரும்பியதும் இத்தோ வெடித்தாள்.

"கோர்ட்ல அந்தக் கத்துக் கத்தினானே ஹாஜி! இப்ப கொஞ்ச நேரம் முன்னாடிகூட!"

"அதான் கத்தினான்" என்றார் பஸ்ஸூ. அவர் குரலில் வெற்றியே இல்லை. "கத்தாம இருந்தா அவன் மனசு சொல்றது அவனுக்கே கேட்டுடும்ல."

யம்னாவின் கணவன் ஸ்பெயினில் பழத்தோட்டத்தில் வேலை செய்கிறவன். பிரசவத்துக்காக யம்னா அம்மா வீட்டில்தான் இருந்தாள். அதே வீட்டில்தான் மிமூனும். கதவைத் திறந்த அம்மா தூதாவுக்கு இவர்கள் யார் பக்கத்து ஆட்கள் என்று தெரியும். ஆனாலும் வாசலுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பத் தெரியவில்லை. உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு டீ போடப் போனாள்.

மிமூன் எழுந்து நின்றான். "எங்க வீட்டுக்கே வந்துட்டீங்களா?"

பஸ்ஸூ கைக்குட்டையை மேஜைமேல் விரித்தார். பொன்னிறத் துணுக்கு ஒன்று, கறுப்பு ஒன்று.

"இது ஒரு தடவ வெந்தது. இது ரெண்டு தடவ. நான் மேல சொல்லணுமா தம்பி, இல்ல நீயே சொல்றியா?"

மிமூன் அதைப் பார்த்தான். திட்டப் போகிறான், அடிக்கக்கூட வரலாம் என்று இத்தோ பக்கத்தில் கிடந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். அவ்வளவு பெரிய உடம்பு மளுக்கென்று மடிந்துவிட்டது.

"தலைவர்கிட்ட புதுப் பெட்டி வாங்கித் தாங்கன்னு கேட்டேன் ஹாஜி. இந்த வருஷம் பணம் இல்ல, ஓடற மாதிரி பண்ணுன்னார். அடுப்புல வச்சேன். ஓடுச்சு. ஊரே மெச்சுச்சு. யம்னாகூட..."

"அல்லாலுக்கு இது தெரியுமா?"

"அவன் அப்புறம்தானே வேலைக்கு வந்தான். ஏத்தத்துல இருமுதுன்னு என்கிட்ட ரெண்டு தடவ வந்து சொன்னான். உனக்கு ஓட்டத் தெரியலன்னு வெரட்டி விட்டேன்."

"அடக்கம் முடிஞ்சதும் போய்ப் பெட்டியக் கழட்டியிருக்க."

"ஜிலாலி அந்தப் பக்கம் போனதும் கழட்டி ஜெல்லாபா அங்கிக்குள்ள வச்சு எடுத்துட்டு வந்தேன். எனக்குத் தெரிஞ்சாகணும்ல? என் கை வேலையா இல்லையான்னு தெரிஞ்சாகணும்ல? தொறந்தேன். நான் சேத்த அதே எடம் விரிஞ்சு கெடந்துது. மறுபடி அடுப்புல வச்சு, ராத்திரியோட ராத்திரியா திருப்பி மாட்டிட்டேன்." முகத்தில் அறைந்துகொண்டான். "தூக்கி எறிஞ்சிருக்கலாம். எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கலாம். ஆனா அம்மா மூஞ்சியில எப்படி முழிப்பேன்? பொண்ணப் பறிகொடுத்துட்டு நிக்கறா, அவகிட்ட போய், உன் பையன்தான்னு..."

"அதனால அல்லால் போகட்டும்னு விட்டுட்ட" என்றாள் இத்தோ. நாக்கில் விஷம்தான் வந்தது. ஆனால் சொன்ன பிறகு அவளுக்கே அவனைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"விட்டுட்டேன்."

அப்போதுதான் மூன்று பேரும் வாசற்படியில் தூதா நிற்பதைப் பார்த்தார்கள். கையில் டீத் தட்டு. புதினா வாசனை அறை முழுக்கப் பரவியிருந்தது. அவள் எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அவள் தட்டைச் சிந்தாமல் கீழே வைத்தாள். மகன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என் பலகையிலயா வச்ச?" என்று கேட்டாள்.

மிமூன் தலையைத் தூக்கவில்லை.

"யம்னாவுக்கு நான் ரொட்டி தட்டுற பலகையிலயாடா வச்ச?"

"அம்மா..."

அவள் அடிப்பாள் என்று இத்தோ நினைத்தாள். அழுவாள் என்று நினைத்தாள். தூதா ஆணியில் தொங்கிய கம்பளிப் போர்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எழுந்திரு" என்றாள்.

"நாளைக்குக் கோர்ட்ல சொல்லிடறேன்மா. ஹாஜி முன்னாடி சத்தியம் பண்றேன். தலைவர் சொன்னதையும் சொல்றேன்."

"கோர்ட் நாளைக்கு. அடக்கம் ஆன அன்னிக்கு நான் அல்லால் பொண்டாட்டி, அந்தப் பொண்ணு வாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்திட்டு வந்தேன். அவ புருஷன் வெளங்கக்கூடாது, அவ புள்ளைங்க தெருவுல நிக்கணும்னு. அது கதவத் தொறக்கவே இல்ல. உள்ள அழற சத்தம் மட்டும் கேட்டுது. இன்னிக்கே போகணும். எழுந்திருடா!"

மிமூன் எழுந்தான்.

நாலு பேரும் நடந்தார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடை வாசல்களில் இருந்தவர்கள் ஆச்சரியத்தோடு எழுந்து நின்று பார்த்தார்கள். துப்பறிந்தாயிற்று, இனி நமக்கு இங்கே என்ன வேலை என்று இத்தோவுக்குத் தோன்றியது. ஆனால் பஸ்ஸூ நடந்துகொண்டே இருந்தார். அவளும் நடந்தாள்.

தூதா கதவைத் தட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திறந்தது. இடுப்பில் குழந்தையோடு அல்லாலின் மனைவி. வந்திருப்பது யார் என்று பார்த்ததும் முகம் வெளுத்து, கதவைச் சாத்தப் போனாள்.

தூதா நிலையில் கையை வைத்தாள். "சாத்திக்கோம்மா. உனக்கு உரிமை இருக்கு. இவன் சொல்றத மட்டும் கேட்டுட்டுச் சாத்து."

மகனைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

மிமூனின் உதடு அசைந்தது. இத்தனை நாள் கோர்ட்டையே அதிர வைத்த தொண்டையில் இருந்து காற்றுதான் வந்தது. தூதா அவன் முதுகில் வைத்த கையை எடுக்கவில்லை.

"என் தங்கச்சியக் கொன்னது உன் புருஷன் இல்லம்மா" என்றான். "நான்."